ஓல்ட் நம்பர் ஒன்: 1 கோடி பவுண்ட் பென்ட்லி, அதுல மிச்சமிருந்த மூணு பார்ட்ஸ், ஒரு கோர்ட் கேஸ்

1990 ஏப்ரல் 7. இங்கிலாந்துல 'ஓல்ட் நம்பர் ஒன்'னு பேர் வாங்கின ஒரு பழைய பென்ட்லி ரேஸ் காருக்கு விலை பேசி முடிக்கிறாங்க, மொத்த மதிப்பு 1 கோடி பவுண்ட். விக்கிறவர் ஹப்பர்ட். வாங்குறது மிடில்பிரிட்ஜ் சிமிட்டார்னு ஒரு கம்பெனி, ரிலையன்ட் சிமிட்டார் கார் தயாரிக்கிற உரிமைய வாங்கி வச்சிருந்தவங்க, குரூப்போட முதலாளி ஜப்பான்காரர். பேசி முடிச்ச ஈரம் காயுறதுக்குள்ள வாங்குற பார்ட்டி ஜகா வாங்கிடுச்சு. நீங்க சொல்ற வண்டி இது இல்லயே, அந்தப் பேர்ல ஓடுற வேற ஏதோ வண்டி இதுன்னு அவங்க வாதம். ஹப்பர்ட் நேரா ஹைகோர்ட்டுக்குப் போயிட்டார். அதே வருஷம் ஜூலைல நீதிபதி ஓட்டன் தீர்ப்பு சொன்னார்.

நம்ம ஊர்ல பழைய வண்டி வாங்கப் போனா என்ன பண்ணுவோம், ஆர்சி புக்க வாங்கிப் பாப்போம், சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்துல கிரீஸ துடைச்சுட்டு பேப்பர வச்சு பென்சில தேய்ச்சு பிரிண்ட் எடுப்போம், நம்பர் ஒத்துப்போச்சுன்னா வண்டி அதுதான், முடிஞ்சுது. இந்த கேஸ்ல அந்த பென்சில் எதுக்குமே உதவல, ஏன்னா சேசிஸே, அதாவது வண்டியோட அடிப் பிரேமே, வேற மாடல் காரோடது, என்ஜினும் வேற மாடலோடது. பாடிய பத்திப் பேசவே வேணாம். ஆனாலும் வித்தவர்தான் ஜெயிச்சார். அது எப்படிங்கிறத புரிஞ்சுக்கணும்னா வண்டி பொறந்த இடத்துல இருந்து வரணும்.

வடக்கு லண்டன் க்ரிக்கிள்வுட்ல பென்ட்லி கம்பெனி. 1919ல டபிள்யூ.ஓ. பென்ட்லி ஆரம்பிச்சது, ஆரம்பத்துல இருந்தே காசுக்கு இழுபறி. 1926ல வூல்ஃப் பார்னாடோ பணத்தோட உள்ள வர்றார். அப்பா பார்னி பார்னாடோ தென்னாப்பிரிக்கா கிம்பர்லி வைரச் சுரங்கத்துல சம்பாதிச்சவர், பையனுக்கு காசுக்குக் குறைச்சலே கிடையாது, சேர்மனாவும் ஆயிட்டார், கம்பெனி கார்லயே ரேஸும் ஓட்டினார். பணக்கார வீட்டுப் பையன் பொழுதுபோக்கா ஓட்டுறாருன்னு நெனச்சா தப்பு. பிரான்ஸ்ல நடக்கிற லெ மான் 24 மணிநேர ரேஸ்ல மூணே தடவ கலந்துக்கிட்டார், 1928, 1929, 1930, மூணுலயும் முதல் இடம்.

ஸ்பீட் சிக்ஸ்ங்கிறது 1928ல வந்த மாடல். ஆறு சிலிண்டர், 6597 சிசி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலு வால்வு, மேல ஒத்த கேம்ஷாஃப்ட். 1930 வரைக்கும் மொத்தமே 182 வண்டிதான் செஞ்சாங்க. ரேஸ் டீமுக்குன்னு தயார் பண்ணின வண்டில பவர் 200 குதிரைசக்தி. அப்போ லெ மான் விதிப்படி பெரிய கார்னா நாலு பேர் உக்கார்ற டூரிங் பாடி இருக்கணும், ஆள் இல்லாத சீட்டுக்கு பதிலா பாரம் ஏத்தணும். அதனாலதான் இந்த ரேஸ் கார்களோட போட்டோவ பாத்தா குடும்பத்தோட ஊர் சுத்தக் கிளம்பின வண்டி மாதிரியே இருக்கும். போட்டி கார் கம்பெனிக்காரர் எட்டோரே புகாட்டி இத உலகத்துலயே வேகமான லாரின்னு கிண்டலடிச்சதா ஒரு கதை உண்டு, சொன்னாரோ இல்லயோ, வண்டியோட சைஸ பாத்தா பொய்னு தோணாது.

நம்ம கதாநாயகனும் ஒரு ஸ்பீட் சிக்ஸ்தான், சேசிஸ் எல்பி 2332, ரிஜிஸ்ட்ரேஷன் எம்டி 3464. 1929 ஜூன்ல லெ மான்ல பார்னாடோவும் டிம் பிர்கினும் மாத்தி மாத்தி ஓட்டினாங்க, 24 மணி நேரத்துல 2800 கிலோமீட்டருக்கு மேல. முதல் நாலு இடமும் பென்ட்லிக்கே. வண்டி மேல எழுதியிருந்த ரேஸ் நம்பர் 1, அதுதான் பேராவே ஒட்டிக்கிச்சு. 1930ல திரும்ப அதே வண்டி, இந்தத் தடவ பார்னாடோ கூட கிளென் கிட்ஸ்டன், மறுபடியும் முதல் இடம். ஒரே கார் ரெண்டு வருஷம் லெ மான் ஜெயிச்சது அதுதான் முதல் தடவ.

"ஒரே கார்"னு நான் எழுதினத ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. கேஸே அந்த ரெண்டு வார்த்தை மேலதான்.

ரேஸ் டீம் பட்டறைக்கு வண்டிங்கிறது பூஜை அறைப் பொருள் இல்ல. அடுத்த ரேஸுக்கு எது ஓடும்ங்கிறது ஒண்ணுதான் அங்க கணக்கு. ஒரு சின்ன விஷயத்த மட்டும் கிட்டக்க போய் பாப்போம். அந்தக் கால பென்ட்லி என்ஜின்ல சிலிண்டர் ஹெட்ட தனியா கழட்ட முடியாது, ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. நம்ம மெக்கானிக் ஹெட்ட மட்டும் கழட்டி கைல எடுத்துட்டுப் போய் வால்வ கிரைண்ட் பண்ணிட்டு வருவார்ல, அது இங்க நடக்காது. வால்வ தொடணும்னா கேம்ஷாஃப்ட் டிரைவ கழட்டி, மேனிஃபோல்ட கழட்டி, மொத்த பிளாக்கையும் பிஸ்டனுக்கு மேல தூக்கி எடுக்கணும், ஆறு சிலிண்டர் இரும்பு, ஒத்த ஆள் தூக்குற சாமான் இல்ல. இவ்வளவு வேலைய பாத்துட்டு, ரேஸுக்கு நாலு நாள் இருக்கிறப்ப, பக்கத்துல ரெடியா ஒரு பிளாக் இருந்தா எந்த மெக்கானிக் பழசையே திரும்ப மாட்டிட்டு உக்காந்திருப்பான்? பிளாக்குக்கு சொன்னதுதான் ஆக்சிலுக்கும், பிரேக்குக்கும், ஸ்பிரிங்குக்கும். சீசன் முடிஞ்சா மொத்தமா பிரிச்சுப் போட்டு திரும்பக் கட்டுறது. பழைய பார்ட் எங்க போச்சுன்னு எவனும் டைரி எழுதி வைக்கல, எழுதணும்னு தோணியிருக்கவும் தோணியிருக்காது.

1930 லெ மானுக்கு அப்புறம் கம்பெனி டீமா ரேஸ் ஓட்டுறத பென்ட்லி நிறுத்திடுச்சு. உலகமே பொருளாதார நெருக்கடில இருக்கு, விலை உயர்ந்த கார் யார் வாங்குவா. 1931ல கம்பெனி திவாலாகி நவம்பர்ல ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போயிடுச்சு, அதுவும் நேரா வராம ஒரு டிரஸ்ட் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சு வந்து வாங்கினாங்க, அது தனிக் கதை. ஓல்ட் நம்பர் ஒன் மட்டும் பார்னாடோகிட்டயே இருந்துச்சு. 1931ல ப்ரூக்லாண்ட்ஸ் 500 மைல் ரேஸ்ல ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதுல ஜெயிச்சாங்க.

1932ல அதே ரேஸுக்கு இன்னும் வேகம் வேணும்னு வண்டிய திரும்பப் பிரிச்சாங்க. இந்தத் தடவ பழைய 6597 சிசி என்ஜின தூக்கிட்டு 8 லிட்டர் மாடலோட 7983 சிசி என்ஜின். ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) ஒண்ணுதான், 140 மில்லிமீட்டர், போர் (சிலிண்டரோட உள் அகலம்) மட்டும் 100ல இருந்து 110, ஒரே வம்சத்துல வந்த என்ஜின். பிரேம் 4 லிட்டர் மாடலோடது. அந்த மாடலே 1931லதான் வந்துச்சுங்கிறத இங்க ஞாபகம் வச்சுக்கோங்க, அதாவது இன்னிக்கு அந்த வண்டிக்கு அடில இருக்கிற பிரேம், லெ மான்ல அது ரெண்டு தடவ ஜெயிச்சப்ப உலகத்துலயே இல்லாத ஒரு மாடலோட பிரேம்.

ப்ரூக்லாண்ட்ஸ் டிராக்க பத்தி ரெண்டு வரி சொல்லிடுறேன். லண்டன் பக்கத்துல சர்ரேல 1907ல கட்டினது, கான்கிரீட் டிராக், வளைவுல எல்லாம் தட்டோட ஓரம் மாதிரி ஒசந்து நிக்கும், 30 அடி கிட்ட உயரம். கான்கிரீட் உக்காந்து உக்காந்து முப்பதுகள்ல அங்கங்க குண்டும் மேடும். வேகமா போற வண்டி வளைவுல மேல மேல ஏறிப் போகணும், உச்சி விளிம்புக்கு அந்தப் பக்கம் மரமும் பள்ளமும்தான்.

1932 செப்டம்பர் 24. ஜாக் டன்ஃபீ ஓட்டிட்டு வந்து வண்டிய தம்பி கிளைவ்கிட்ட கொடுக்கிறார். கிளைவ் கொஞ்ச நேரத்துல முன்னாடி போற வண்டிய தாண்டுறதுக்காக மெம்பர்ஸ் பேங்கிங் வளைவுல ரொம்ப மேல ஏத்திட்டார், பின்சக்கரம் விளிம்ப தாண்டிடுச்சு, வண்டி அப்படியே மேல இருந்து அந்தப் பக்கம் மரங்களுக்குள்ள போய் விழுந்துச்சு. கிளைவ் அங்கயே போயிட்டார். டன்ஃபீ குடும்பத்துக்கு ரேஸுங்கிறது அன்னியோட எப்படி ஆகியிருக்கும்னு எழுத எனக்கு வார்த்தை இல்ல. வண்டியோட ரேஸ் வாழ்க்கையும் அன்னியோட முடிஞ்சுது.

இங்க பார்னாடோ பண்ணின ஒரு காரியம்தான் 58 வருஷம் கழிச்சு கோர்ட்டுல வண்டிய காப்பாத்துச்சு. இன்னொருத்தரா இருந்தா இழவு விழுந்த வண்டின்னு காயலான் கடைக்கு அனுப்பியிருப்பாங்க. அவர் மிச்சத்த எடுத்து மேல கூபே பாடி (ரெண்டு கதவு, மூடின கூரை) கட்டி ரோட்டுல ஓட்டுற காரா மாத்திட்டார். சோகமா, பாசமா, நல்ல என்ஜின் வீணாகக் கூடாதுங்கிற கணக்கா, தெரியாது. ஆனா வண்டி "செத்துப் போச்சு"ன்னு சொல்றதுக்கு ஒரு நாள் கூட இல்லாம போச்சு. அந்தச் சங்கிலில ஒரு கண்ணி அறுந்திருந்தா, அதாவது வண்டி ஸ்கிராப்புக்குப் போய் பத்து வருஷம் கழிச்சு யாரோ பார்ட்ஸ பொறுக்கிச் சேத்திருந்தா, தீர்ப்பு வேற மாதிரி போயிருக்கும்ங்கிறது என் அபிப்ராயம்.

அப்புறம் நடந்தது இந்த மாதிரி வண்டிகளுக்கு எப்பவும் நடக்கிறதுதான், கை மாறுச்சு. ஒரு கட்டத்துல கூபே பாடி போய், லெ மான் காலத்து தோரணைல திறந்த நாலு சீட் பாடி வந்துச்சு. பழைய பென்ட்லிகளுக்கு இது ஒரு வியாதி மாதிரி. இருபதுகள்ல நிறைய பென்ட்லி மூடின சலூன் பாடியோடதான் வித்துச்சு, டாக்டரும் வக்கீலும் குடை பிடிக்காம போகணும்ல. ஆனா பின்னாடி வந்த ஓனருங்க எல்லாருக்கும் வாண்டன் ப்ளாங்கிற பாடி கட்டுற கம்பெனி ஸ்டைல் திறந்த டூரர்தான் வேணும், அதனால நல்லா இருந்த சலூன் பாடிய எல்லாம் பிச்சுப் போட்டுட்டு லெ மான் மாதிரி பாடி கட்டிக்கிட்டாங்க. இன்னிக்கு பென்ட்லி கூட்டம் சேர்ற இடத்துல பச்சைக் கலர் டூரரா வரிசையா நிக்கிறத பாத்தா அந்தக் காலத்துல இங்கிலாந்து முழுக்க இப்படித்தான் ஓடுச்சோன்னு நெனச்சுப்போம். ரெஸ்டோரேஷன்ங்கிற பேர்ல போன உண்மையான சரித்திரமும் நிறைய.

சரி, கோர்ட். 1990ல இந்த வண்டிய ரேஸ்ல ஓட்டின முக்கியமான ஆளுங்க யாரும் சாட்சி சொல்ல உயிரோட இல்ல. கிட்ஸ்டன் 1931ல விமான விபத்துல போயிட்டார், பிர்கின் 1933ல, பார்னாடோ 1948ல. அதனால போல்ட்டு போல்ட்டா பாக்க வேண்டியதாச்சு. நீதிபதி ஓட்டன் வண்டிய ஒரே பொருளா பாக்காம வருஷம் வருஷமா பிரிச்சு எடுத்தார், எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த முறைதான். 1929ல லெ மான் ஜெயிச்ச வண்டில எது இருக்கு? கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. 1930ல ஜெயிச்ச வண்டில? பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கேசிங், ஸ்டீரிங் காலம் (ஸ்டீரிங் வீலுக்குக் கீழ போற தண்டு). அவ்வளவுதான், மூணே மூணு. 1932 வண்டில? 4 லிட்டர் சேசிஸும் 8 லிட்டர் என்ஜினும்.

இத படிச்சா விக்கிறவர் தோத்துட்டாருன்னுதானே தோணும்? 1 கோடி பவுண்ட கொடுத்து ஒரு பெடல் ஷாஃப்டையும் ஒரு ஸ்டீரிங் காலத்தையுமா வாங்குவாங்க? ஒரிஜினல்ங்கிற வார்த்தைய அதோட கறாரான அர்த்தத்துல இந்த வண்டிக்குக் கொடுக்க முடியாதுன்னு நீதிபதியே சொல்லிட்டார். ஆனா அங்கயே நிக்கல. பார்ட்ஸ் மாறினது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா, நாலு சீசன் விடாம ஓடிட்டு இருக்கிற வண்டில மாறினது, புதுசா வந்தது எல்லாம் வண்டியோட வண்டியா கலந்துடுச்சு, எந்தக் கட்டத்துலயும் அது தன் அடையாளத்த இழக்கலன்னார். ஓல்ட் நம்பர் ஒன் இந்த நிமிஷத்தோட இல்லாம போச்சுன்னு கை நீட்டிக் காட்ட ஒரு நிமிஷம் கூட இல்ல. அந்தப் பேருக்கு உரிமை கொண்டாட வேற ஒரு பென்ட்லி, இருக்கிறதுலயும் சரி அழிஞ்சதுலயும் சரி, கிடையாது. ஏப்ரல் 7ம் தேதி விலைக்கு வந்தது இரும்பு மட்டும் இல்ல, அதோட சரித்திரமும் பேரும் சேந்துதான். அதனால ஒப்பந்தம் செல்லும்.

எனக்கு இதுல பாதிக்கு மேல சம்மதம். ரெஸ்டோர் பண்ணினவங்க வண்டிய டுபாக்கூர் ஆக்கிட்டாங்கன்னு சில பேர் பேசுறது எனக்கு ஒத்துக்காது, ஏன்னா 1929 வண்டிய கரைச்சது எந்த ரெஸ்டோரரும் இல்ல, அத செஞ்ச கம்பெனியும் அத ஓட்டின ஓனருமே 1932க்குள்ள கரைச்சு முடிச்சுட்டாங்க. 1930ல ரெண்டாவது தடவ கப் வாங்கினப்ப "இதுல போன வருஷ பிளாக் இருக்கா"ன்னு ஒருத்தன் கேட்டானா? கேக்கல. அன்னிக்குக் கேக்காத கேள்விய 1990ல மட்டும் கேட்டா அது நியாயமான கேள்வியா, இல்ல வாங்கின விலை கசந்து போனதால வந்த கேள்வியா?

அந்த விலைய பத்தியும் சொல்லணும். 1987 நவம்பர்ல ஒரு புகாட்டி ரோயல் லண்டன் ஏலத்துல 55 லட்சம் பவுண்டுக்குப் போச்சு, அதுல இருந்து பழைய கார் மார்க்கெட்டுக்கு பேய் பிடிச்ச மாதிரி விலை, ஜப்பான் பணம் வேற கொட்டுச்சு. 1990 நடுவுல அந்தக் காத்து இறங்க ஆரம்பிச்சாச்சு. மிடில்பிரிட்ஜோட சிமிட்டார் தயாரிப்பும் அதே வருஷம் மூடு விழா கண்டுச்சு. வாங்குறவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஏறுற மார்க்கெட்டுல யாரும் பெடல் ஷாஃப்ட எண்ணிட்டு இருக்க மாட்டாங்கன்னு மட்டும் சொல்றேன்.

எனக்கு சம்மதம் இல்லாத பாதி எதுன்னா, இந்த வழிமுறை வேலை செஞ்சதே போட்டிக்கு வேற வண்டி இல்லாததாலதான். இப்ப யாரோ ஒருத்தர் பழைய ஷெட்டுல இருந்து 1929 பிரேம கண்டுபிடிச்சு, அத மேல கட்டி, இதுதாண்டா நம்பர் ஒன்னுன்னு வந்து நின்னிருந்தா? ஒரு பக்கம் அறுபடாத கதை, இன்னொரு பக்கம் ஜெயிச்ச இரும்பு. பழைய கார் உலகத்துல இப்படி ரெண்டு வண்டி ஒரே பேருக்கு அடிச்சுக்கிறது சகஜம், என்ஜின் ஒருத்தர்கிட்ட, பிரேம் இன்னொருத்தர்கிட்டன்னு. அந்த மாதிரி கேஸுக்கு இந்தத் தீர்ப்ப அப்படியே தூக்கிட்டுப் போக முடியாதுன்னு நெனக்கிறேன்.

கதை மட்டும் போதும்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு பார்னாடோவோட இன்னொரு காரே சாட்சி. 1930 மார்ச்ல பிரான்ஸ் தெற்குல கான் நகரத்துல இருந்து ப்ளூ டிரெயின் ரயிலோட போட்டி போட்டு, ரயில் வடக்குக் கரைல கலே துறைமுகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி லண்டன் போய் சேந்துடுவேன்னு 100 பவுண்ட் பந்தயம் கட்டி ஜெயிச்சார், அதுவும் ஒரு ஸ்பீட் சிக்ஸ்தான். பல வருஷமா அந்தப் புகழ் மொத்தமும் கர்னி நட்டிங்ங்கிற கம்பெனி பாடி கட்டின ஒரு அழகான தாழ்ந்த கூபேவுக்குப் போச்சு, ரயில் பக்கத்துல அது பறக்கிற மாதிரி பெயின்டிங் கூட இருக்கு. ஆனா அந்த கூபே ரெடியானதே பந்தயம் முடிஞ்சதுக்கு அப்புறம். பந்தயம் ஓடினது முல்லினர் பாடி போட்ட ஒரு சாதாரண சலூன். அந்த கூபேல இரும்பு எல்லாம் அசல், கதை மட்டும் அடுத்த வண்டியோடது. ஓல்ட் நம்பர் ஒன்னுக்கு நேர் தலைகீழ்.

2022ல பென்ட்லி கம்பெனியே ஸ்பீட் சிக்ஸ திரும்பச் செய்யப்போறோம்னு அறிவிச்சுது, மொத்தம் 12 வண்டி, 1929, 30 லெ மான் கார் கணக்கா. அளவு எல்லாம் பழைய மாதிரியே, 6.5 லிட்டர் என்ஜினே புதுசா வார்த்து செஞ்சாங்க. பிரேம் சரியான பிரேம், என்ஜின் சரியான என்ஜின். மெக்கானிக்கா உக்காந்து பார்த்தா ஓல்ட் நம்பர் ஒன்ன விட அந்தப் பன்னெண்டும் 1929 வண்டிக்குப் பக்கத்துல இருக்கும். அந்தப் பன்னெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எம்டி 3464 பக்கத்துல தன் வண்டிய நிறுத்திட்டு, ரெண்டு பானட்டையும் தூக்கி வச்சு ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசை.